ஆத்தாவின் ஒன்பது உருப்படிகள்

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், உட்கார்ந்து பேசிய பேச்சு முழுவதும் பட்டியில் நின்ற ஒன்பது வெள்ளாடுகளைப் பற்றியதாகவே இருந்தது. நிலத்தைப் பற்றியும் நகையைப் பற்றியும் யாருக்கும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அவையெல்லாம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆத்தாவின் வாயாலேயே பேசி, பத்திரத்தில் ஏறி, அதனால் வந்த மனத்தாங்கல்களும் ஆறி முடிந்திருந்தன. ஆடுகளிலும் எட்டுக்கு அவர் ஆள் குறித்து வைத்திருந்தார். இரண்டு பெரிய அத்தைக்கு, இரண்டு சின்ன அத்தைக்கு, ஒன்று சித்தப்பாவின் பேத்திக்கு, மூன்று பல ஆண்டுகளாக அவரிடம் வாரத்துக்கு, அதாவது குட்டியில் பாதிப் பங்குக்கு, ஆடு பிடித்து வளர்த்த அம்மாளுக்கு. ஒன்பதாவதாக இருந்த கிழட்டுக் கருப்பு ஆட்டை மட்டும் அவர் எவருக்கும் சொல்லவில்லை.

எங்கள் ஆத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர், காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட மேட்டுக்காட்டில் பிறந்து, அதிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி இன்னொரு மேட்டுக்காட்டில் வாழ்க்கைப்பட்டு, 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில் தம் 91ஆம் வயதில் காலமானார். நான் திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். அவருடைய கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் அவருக்காக எடுக்கப்பட்ட முடிவுகளில், சரியானவற்றிலும் தவறானவற்றிலும், எனக்குப் பங்கு உண்டு. வீட்டில் மிகவும் வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு உதவக்கூடும் என்பதால்தான், தவறானவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அவருடைய வயதே எங்களுக்கு முதலில் ஒரு சிக்கலாக இருந்தது. வாக்காளர் அட்டை ஏழு வயதைக் குறைத்துக் காட்டியது. ஆதார் அட்டையில் எவரோ தோராயமாகச் சொன்ன ஆண்டும் ஜனவரி முதல் தேதியும் இருந்தன. ஆனால் ஆத்தாவுக்குத் தாம் பிறந்தது ஆங்கீரச வருடம் ஐப்பசி மாதம் என்பது உறுதியாகத் தெரியும். அறுபதாண்டுச் சுற்றில் கணக்கிட்டால் அது 1932. இப்படி வருடப் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, எல்லா அட்டைகளிலும் ஒரே தேதி இருக்கும்படி திருத்திவிடுவது நல்லது. நாங்கள் அதைத் தள்ளிப்போட்டதால், மருத்துவமனையிலும் வங்கியிலும் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி எங்களுடையது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆத்தாவின் சிறுவயதில் கிணற்றுத் தண்ணீர் கவலையில்தான், அதாவது காளை பூட்டி இறைக்கும் ஏற்பாட்டில்தான், மேலே வந்தது. இரண்டு காளைகள் சரிவில் இறங்க, வடம் இழுபட்டு, தண்ணீர் மொள்ளும் பறி நிரம்பி மேலேறி, தும்பி என்ற தோல்குழாய் வழியாகத் தொட்டியில் கொட்டும். அவருடைய அப்பா கவலை ஓட்ட, பத்து வயது ஆத்தா விடியற்காலை இருட்டிலேயே மண்வெட்டியுடன் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. கையெழுத்துப் போடத் தெரியும். கணக்கு, எழுதாமலேயே தெரியும்.

கிணறு எட்டாத மேட்டு நிலமெல்லாம் கொறங்காடு. கிளுவை முள்ளை நட்டு உயிர்வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, ஆங்காங்கே வெள்வேல மரங்களை நிழலுக்கும் காய்க்கும் நிறுத்தி, ஒரு வேலிக்குள் புல் தீர்ந்ததும் அடுத்த வேலிக்குள் மாடுகளையும் செம்மறிகளையும் மாற்றி மேய்க்கும் ஏற்பாடு அது. காங்கயம் காளைகளின் திமிலும் திடமும் இந்தப் புல்லில் வளர்ந்தவை என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மழை பொய்த்த ஆண்டிலும் கொறங்காடு முற்றிலும் கைவிடாது. வேர் பிடித்த புல் ஒரு மழைக்குத் தலைதூக்கிவிடும். வெள்வேலங்காய் கோடையில் உதிரும்.

1948இல் பதினாறு வயதில் ஆத்தாவுக்குத் திருமணம் நடந்தது. அடுத்த சில ஆண்டுகள் தொடர்ந்து மழை பொய்த்தவை. மாமியார் வீட்டில் கிணறு தரைதட்டி, கவலை மாட்டில் ஒரு ஜோடியைக் கண்ணபுரம் சந்தையில் வந்த விலைக்கு விற்றுவிட்டு வந்த அன்று, வீட்டில் மிஞ்சியிருந்தது பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்த இரண்டு வெள்ளாடுகள் மட்டும்தான் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆடுகள் அவருடையவை. விற்பதும் வைப்பதும் அவர் பாடு. மாமனார்கூட அதைக் கேட்டதில்லை. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவருடைய பட்டி முற்றிலும் காலியாக இருந்தது ஒரே ஒருமுறைதான்; அதற்குக் காரணம் நாங்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளாட்டின் கணக்கு எளிமையானது. சினைக்காலம் ஐந்து மாதம். பெரும்பாலும் இரட்டைக் குட்டி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு ஈற்று எடுக்கலாம். ஆத்தா பெட்டைக் குட்டிகளைத் தம்மிடம் அளவோடு வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஆடு வாங்க வழியில்லாத பெண்களுக்கு வாரத்துக்குக் கொடுப்பார்: வளர்ப்பு அவர்களுடையது, ஈனும் குட்டிகளில் பாதி இவருக்கு. இத்துடன் எருமைப் பால் பணம். எங்கள் ஊரில் பால் சொசைட்டி வந்தபோது உறுப்பினர் சேர்க்கைக்கு வந்தவர்கள் அப்பாருவின், அதாவது தாத்தாவின், பெயரைக் கேட்க, பால் கறப்பது யாரோ அவர் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று ஆத்தா வாசலிலேயே நின்று வாதாடியதாக அம்மா சொல்வார். பத்து நாளுக்கு ஒருமுறை வந்த அந்தப் பட்டுவாடாவையும் குட்டி விற்ற பணத்தையும் சேர்த்து, 1976இல் பக்கத்திலேயே மூன்று ஏக்கர் கொறங்காட்டைத் தம் பெயரில் கிரயம் வாங்கினார். ஊரில் அது பேச்சாக இருந்ததாம். அப்பாருவுக்கு அதில் பெருமையா சங்கடமா என்று எனக்குத் தெரியாது. 1986இல் அவர் இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது.

ஆத்தாவைப் பற்றி எழுதும்போது அவரைக் குலதெய்வமாக்கிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். 1972இல் மருமகளாக வந்த என் அம்மாவிடம் அவர் பீரோ சாவியைக் கொடுத்தது 1994இல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் அம்மா, உப்புக்கும் புளிக்கும் பணம் கேட்டு வாங்கிய மருமகள். ஆடு வாரத்துக்குப் பிடித்த அம்மாளுக்கு எங்கள் வீட்டில் நெடுங்காலம் தனி டம்ளர்தான் இருந்தது. என் கல்லூரிப் படிப்புக்குப் பிறகு நான் அதைப் பற்றிச் சண்டை போட்டேன், ஆத்தா பதில் சொல்லவில்லை. டம்ளர் எப்போது காணாமல் போனதென்று யாருக்கும் தெரியாது. மூன்று உருப்படிகளை அந்த அம்மாளுக்குச் சொல்லிவைத்ததில் அந்தக் கணக்கும் சேர்ந்திருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன்.

அந்தக் காலத்துக் கம்பும் ராகியும் சாப்பிட்டதால்தான் இத்தனை வயது வாழ்ந்தார் என்று துக்கத்துக்கு வந்த பலர் சொன்னார்கள். சோளச்சோறும் கம்மங்கூழும் கொள்ளுப் பருப்பும் நல்ல உணவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட அவருடைய உடன்பிறந்தார் ஐவரில் மூவர் நாற்பது வயதைத் தாண்டவில்லை. அவர் பெற்ற ஏழு பிள்ளைகளில் மூன்று பேர் ஐந்து வயதுக்குள் போய்விட்டார்கள், ஒன்று மணல்வாரி அம்மையில். நீண்ட நாள் வாழ்ந்தவரை மட்டும் பார்த்து அவருடைய தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால், அதே தட்டில் சாப்பிட்டுச் சீக்கிரம் போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அவரிடம் நான் கவனித்த பழக்கங்கள் வேறு: விளக்கு வைத்த சிறிது நேரத்தில் சாப்பிட்டுவிடுவார், எதையும் வயிறு முட்டச் சாப்பிட மாட்டார், உடம்பில் ஒன்று புதிதாகத் தோன்றினால் மறைக்காமல் சொல்லிவிடுவார். கண்ணில் புரை வந்தபோது, 2008இல், அறுவை சிகிச்சைக்கு நாங்கள்தான் தயங்கினோம். குட்டியின் காதுக் குறி தெரியவில்லை, எனவே செய்துவிடலாம் என்று அவர் முடிவெடுத்தார்.

நிலத்தைப் பிரித்த கதை கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது. அப்பாரு உயில் எழுதாமல் இறந்தார். பூர்வீக நிலம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுபவத்தில் வந்தது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது என்றாலும், அதற்கு முன்பே திருமணமாகியிருந்த என் இரண்டு அத்தைகளும் அதற்குள் வரவில்லை. மத்திய சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அப்போது வந்திருக்கவில்லை. ஆனால் ஆத்தா தம் பெயரில் வாங்கிய மூன்று ஏக்கர் அவருடைய சொந்தச் சொத்து. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அதில் அவருக்கு முழு உரிமை உண்டு. யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதாமல் விட்டால் நான்கு பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். 2003இல் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டனுப்பி, “காட்டெ உங்க அத்தைக ரெண்டு பேருக்கும் எழுதிப்போடலாம்னு இருக்கறேன் அம்முணி, எப்படி எழுதோணும்னு கேட்டுட்டு வா” என்றார்.

அப்போது எழுபத்தொரு வயது. கை நடுங்காது, நினைவு தப்பாது. அந்த வயதில் செய்ததுதான் முதல் நல்ல காரியம். வழக்கறிஞர் ஒருவர் இரண்டு வழிகளை விளக்கினார். உயில் என்றால் இறந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும், எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் இரண்டு சாட்சிகள் கண்ணெதிரே கையெழுத்திட்டிருக்க வேண்டும்; எழுதுபவரைவிடச் சாட்சிகள் இளையவர்களாகவும் சொத்தில் பங்கு பெறாதவர்களாகவும் இருப்பது பின்னால் நல்லது. செட்டில்மெண்ட் பத்திரம் என்றால் பதிவு செய்த அன்றே உரிமை கைமாறிவிடும், மனம் மாறினால் எளிதில் திரும்ப எடுக்க முடியாது. ஆத்தா செட்டில்மெண்டையே தேர்ந்தெடுத்தார். ஆனால் தம் ஆயுள் வரை அந்தக் காட்டை அனுபவிக்கும் உரிமை தமக்கே என்ற வாசகத்தைச் சேர்க்கச் சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் படித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் இரண்டு முறை படிக்க வைத்தார். இன்று எழுதுபவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு வாங்கிய சொத்தை வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிட்டு அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதி வைத்தால் பிறகு வாதாட வேண்டியிருக்காது.

அவர் செய்த தவறும் அந்த விவகாரத்திலேயே இருந்தது. பத்திரம் பதிவான பிறகுதான் மகன்களுக்குச் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா இரண்டு ஆண்டுகள் வீட்டுப்பக்கம் வரவில்லை. காட்டைக் கொடுத்ததல்ல அவருக்கு வருத்தம், யாரோ மூன்றாம் மனிதர் டீக்கடையில் சொல்லித் தாம் தெரிந்துகொண்டதுதான் வருத்தம். அதன் பிறகு ஆத்தா எதையும் நான்கு பேரையும் வைத்துக்கொண்டுதான் பேசினார். நகையை 2006இல் ஒரு பொங்கல் நோன்பியன்று எல்லோர் எதிரிலும் நடு ஆசாரத்தில் பரப்பி வைத்து, எது யாருக்கு என்று சொல்லிவிட்டு, “இன்னிக்குக் கோவிச்சுக்கறவங்க கோவிச்சுக்குங்க, நாஞ் செத்ததுக்கப்பறம் ஆரும் மூஞ்சியத் திருப்பிக்கக் கூடாது” என்று சொன்னார். சித்தப்பா அன்று வந்திருந்தார்.

இனி எங்கள் தவறு. 2011இல் அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகியிருந்தது. ஆத்தாவும் அம்மாவும் தோட்டத்தில் கஷ்டப்படுகிறார்களே என்று நானும் தம்பியும் கூடிப்பேசி, ஆத்தாவைத் திருப்பூரில் என் அடுக்ககத்துக்குக் கூட்டிவந்தோம். அப்போது பட்டியிலிருந்த ஆறு ஆடுகளையும் வியாபாரியிடம் கொடுத்துவிட்டோம். ஆத்தா சரி என்றுதான் சொன்னார். நல்ல படுக்கை, வெந்நீர், தொலைக்காட்சி, வேளாவேளைக்குச் சாப்பாடு, மாதம் ஒருமுறை மருத்துவரிடம் பரிசோதனை என்று ஒரு குறையும் வைக்கவில்லை. எட்டு மாதத்தில் அவர் ஆறு கிலோ எடை குறைந்தார். பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்திருந்தார். கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில். மருத்துவப் பரிசோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, “ஏங்கண்ணு, இன்னிக்கு என்ன குழம்பு வெக்கட்டும்னு என்ற கிட்ட ஆருமே கேக்கறதில்லையே” என்றார். குழம்பு வைப்பது சமையல்காரப் பெண். என்ன வைப்பதென்று முதல் நாள் இரவே நான் எழுதி ஒட்டிவிடுவேன். ஐம்பது ஆண்டுகளாக எந்தக் காட்டில் எதை விதைப்பது, எந்த மாட்டை எந்தச் சந்தைக்கு ஓட்டுவது, யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய் வைப்பது என்று நாள் முழுவதும் தீர்மானித்துக்கொண்டிருந்த ஒரு மனுஷியிடம், நாங்கள் எட்டு மாதமாக ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு கொடுப்பதாக நினைத்து, முடிவெடுப்பதையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டிருந்தோம்.

அடுத்த வாரமே தோட்டத்துக்குத் திரும்பினார். இரண்டு பெட்டைக் குட்டிகளைத் தம் பாஸ்புத்தகத்துப் பணத்தில் தாமே பேரம் பேசி வாங்கினார். அம்மாவின் வேலையைக் குறைக்கப் பாத்திரத்துக்கும் துணிக்கும் ஓர் ஆளைப் போட்டோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது அதுதான். 2021இல், மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் நூறு வயதைத் தாண்டியும் விவசாயம் பார்த்த பாப்பம்மாள் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, செய்தித்தாளில் படத்தைக் காட்டினேன். ஆத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, “அவங்கள ஆரும் டவுனுக்குக் கூட்டீட்டுப் போகுல போல” என்றார். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

நோய்களைப் பொறுத்தவரை மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். 2016 கோடையில் ஒரு நாள் திடீரென்று ஆத்தா, கவலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டினீர்களா என்று கேட்க ஆரம்பித்தார். என்னைத் தம் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது, அறளை பெயர்ந்துவிட்டது என்று உறவினர்கள் முடிவு கட்டினார்கள். ஆனால் மறதி நோய் இப்படி இரண்டே நாளில் வராது என்று உள்ளூர் மருத்துவர் ஒருவர் சொல்லி, இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். இரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்திருந்தது. இரத்த அழுத்தத்துக்காக அவர் சாப்பிட்ட மாத்திரையில் சிறுநீரைக் கூட்டும் மருந்து இருந்தது. போதாததற்கு, உப்பு கெடுதல் என்று நாங்கள் அவருடைய சாப்பாட்டில் உப்பை ஏறக்குறைய நிறுத்தியிருந்தோம். மருத்துவமனையில் மெல்ல மெல்லச் சரிசெய்து மாத்திரையை மாற்றியதும் ஐந்தாம் நாள், கவலையெல்லாம் ஓய்ந்து அறுபது வருடமாயிற்றே, அதையா கேட்டேன் என்று அவரே சிரித்தார். முதியவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் அது சோடியக் குறைவாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ மருந்தின் விளைவாகவோ இருக்கலாம். வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. மருந்துச் சீட்டுகள் அத்தனையையும் ஒரே மருத்துவரிடம் ஆண்டுக்கு இருமுறையாவது காட்டி, தேவையில்லாததை நிறுத்தலாமா என்று கேட்பதையும் அதிலிருந்து பழக்கமாக்கிக்கொண்டோம்.

இரண்டாவது, 2019இல் அவர் விழுந்தது. இரவு பட்டியில் குட்டி கத்தும் சத்தம் கேட்டு, விளக்குப் போடாமல் எழுந்து போய், பின்வாசல் படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எண்பத்தாறு வயதில் அறுவை சிகிச்சை எதற்கு, எண்ணெய்க் கட்டு போட்டுப் படுக்க வைத்துவிடலாம் என்று சொன்னவர்கள் பலர். இடுப்பு முறிந்த முதியவர்களைப் படுக்கையில் போட்டால் படுக்கைப் புண்ணும் நுரையீரல் தொற்றும்தான் ஆளைக் கொண்டுபோகும் என்றும், கூடுமானால் இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்து உடனே எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்றும் எலும்பு மருத்துவர் சொன்னதை நம்பினோம். மூன்றாம் நாள் வாக்கர் பிடித்து நின்றார். ஆனால் அறுவைக்குப் பிந்திய இரவுகளில் அவருக்கு மனக்குழப்பம் வந்து, ஊசிக் குழாயைப் பிடுங்கப் போக, இரவு ஊழியர்கள் அவருடைய இரு கைகளையும் கட்டிலோடு கட்டி வைத்துவிட்டார்கள். காலையில் அதைப் பார்த்த அம்மா அழுதது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அது பெரும்பாலும் தற்காலிகமான குழப்பம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், முதல் இரவிலிருந்தே வீட்டார் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்க மாட்டோம். அவற்றைக் கொண்டுவந்து மாட்டி, ஜன்னல் திரையை விலக்கிப் பகல் வெளிச்சம் காட்டி, ஆடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தோம். நான்காம் நாள் தெளிந்தார்.

வீடு திரும்பியதும் ஆடுகளை விற்றுவிடலாம் என்ற பேச்சு மறுபடி எழுந்தது. இம்முறை அப்பாதான் மறுத்தார். கொத்தனாரை வரவழைத்துப் பின்வாசல் படியை இடித்துச் சரிவாக்கி, பட்டியை அறுபதடி தூரத்திலிருந்து வாசலருகே பதினைந்தடிக்குக் கொண்டுவந்து, வழி நெடுகக் கைப்பிடிக் குழாய் போட்டு, கட்டிலில் இருந்து கை எட்டும் இடத்தில் வெளிவிளக்கின் சுவிட்சை வைத்தார். கட்டில் காலையும் அறுத்தார். உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் படியும் உயரம்தான் வயதானவர்களுக்குக் கட்டில் என்பது அதுவரை எங்களுக்குத் தோன்றியதில்லை. எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது. அதன் பிறகு ஆத்தா விழவில்லை. குட்டிகளை மூடி வைக்கும் கொடாப்புக் கூடையைத் தூக்கி அவற்றைத் திறந்துவிடும் வேலை மட்டும், 2023 ஆடி வரைக்கும், வேறு எவரும் செய்யக் கூடாதென்று வைத்திருந்தார்.

மூன்றாவது, கடைசி ஆறு மாதம். படுத்த படுக்கையானபோது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதும், காற்றுப் படுக்கை போட்டாலும் அது தேவை என்பதும், குதிகாலையும் முதுகின் கீழ்ப்பகுதியையும் நாள்தோறும் பார்க்க வேண்டும் என்பதும் எங்களுக்கு ஒரு செவிலியர் கற்றுக்கொடுத்தவை. இரவுக்கு ஓர் ஆள் வைத்தோம். அவருக்கான சம்பளத்தைத் தம் பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று ஆத்தா சொல்லிவிட்டார். பகலெல்லாம் அம்மாதான். எழுபதை எட்டிய ஒருத்தி தொண்ணூறைத் தாண்டிய ஒருத்தியைத் தூக்கி உட்கார வைத்துக் கூழ் ஊட்டியதுதான் எங்கள் வீட்டில் உண்மையில் நடந்தது. ‘குடும்பம் பார்த்துக்கொண்டது’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு மாலை, சாவியைக் கேட்டு இருபத்திரண்டு வருடம் நின்றதைப் பற்றி ஆத்தாவே பேச்செடுத்து, “உன்னெய நாஞ் செரியா வெச்சுக்குல” என்றாராம். அம்மா அதற்கு என்ன சொன்னார் என்று கேட்டேன். வெந்நீர் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டதாகச் சொன்னார்.

கருமாதிக்குப் பிறகு எட்டு உருப்படிகளும் சொன்னபடி போய்ச் சேர்ந்தன. கிழட்டு ஆடு இங்கேயே நின்றது. அது இனி ஈனாது, கறிக்கும் யாரும் நல்ல விலை கேட்க மாட்டார்கள். அம்மா அதற்குத் தினமும் கிளுவைத் தழை ஒடித்துப் போடுகிறார். சித்திரையில் வீட்டுக் காகிதங்களையெல்லாம் ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், ஆத்தாவுக்குப் பிறகு பால் சொசைட்டி உறுப்பினர் பெயர் அப்பாவுக்கு மாற்றப்பட்டிருந்தது. அம்மாவின் பெயரில் ஓர் ஏக்கர் இல்லை, ஒரு மாடு இல்லை, ரேஷன் அட்டையைத் தவிர ஒரு காகிதம் இல்லை. ஐம்பத்திரண்டு வருடம் அந்த வீட்டில் பால் கறந்தவர் அவர். அப்பாவிடம் சொன்னேன், அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும், மறுபேச்சில்லாமல் சொசைட்டிக்கு வந்து கையெழுத்துப் போட்டார். வங்கியில் கணக்குத் தொடங்கப் புகைப்படம் எடுக்கப் போனபோது அம்மா கட்டியிருந்தது ஆத்தாவின் நூல் சேலை.

முதல் பட்டுவாடா ஏறிய அன்று பாஸ்புத்தகத்தில் வரி போட்டு வாங்கிவந்து கொடுத்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஒற்றை வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இப்போது சந்தையில் ஒரு பெட்டைக் குட்டி என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டார்.